கல்லூரிப் பணம்: இன்றே தொடங்குவோம்

என் ஊர் கோலார் தங்கவயல். கர்நாடகத்தில் இருக்கிறது. இங்கே நூறு ஆண்டுக்கு மேல் தங்கச் சுரங்கம் நடந்தது. எங்கள் தாத்தாக்கள் தமிழ்நாட்டில் இருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நான் அந்த ஆண்டில்தான் பிறந்தேன். அப்பாவுக்கு வேலை போனது. பிறகு தினமும் ரயில் ஏறிப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்.

2019ஆம் ஆண்டில் நான் பி.யூ.சி. தேறினேன். அது 12ஆம் வகுப்பு. நல்ல மதிப்பெண். பி.காம். படிக்க இடம் கிடைத்தது. ஏழு நாளில் பணம் கட்டச் சொன்னார்கள். 11,500 ரூபாய்.

அப்பா இதற்காகவே சீட்டுக் கட்டி வந்தார். மாதம் 500 ரூபாய். இரண்டு ஆண்டு கட்டினார். 12,000 ரூபாய் சேர்ந்திருந்தது. ஆனால் சீட்டுப் பிடித்தவர் அந்த ஆண்டு ஊரை விட்டே போய்விட்டார். பதிவு செய்யாத சீட்டு. கையில் ரசீது இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

உதவித்தொகை கேட்கலாம் என்றார்கள். அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். அதற்கு எழுதிக் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்துச் சான்றிதழ் வந்தது. ஏழு நாள் எப்போதோ முடிந்துவிட்டது. என் இடத்தில் வேறு பிள்ளை சேர்ந்துவிட்டது.

என்னிடம் மதிப்பெண் இருந்தது. அப்பாவிடம் மனம் இருந்தது. இரண்டும் இருந்தும் நான் கல்லூரிக்குப் போகவில்லை. ஏழு நாளில் செய்ய முடியாத வேலையை ஏழு நாளில் செய்யப் பார்த்தோம். அதுதான் காரணம்.

இதை என் மாலை வகுப்பில் சொன்னேன். எல்லோரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தையல் வேலை செய்யும் ஓர் அக்கா கேட்டார்:

"என் பெரிய பெண் ஏழாவது படிக்கிறா, கண்ணு. சின்னவளுக்கு எட்டு வயசு. நான் இப்ப என்ன செய்யணும்?"

அன்று பாடத்தை மூடி வைத்தோம். கரும்பலகையில் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு பணம் வேண்டும்?

முதலில் செலவைத் தெரிந்துகொள்ள வேண்டும். "கல்லூரி என்றால் லட்சக்கணக்கில் ஆகும்" என்று பலர் பயப்படுகிறார்கள். மருத்துவம், பொறியியல் படிப்புக்கு அப்படி ஆகலாம். அரசுக் கல்லூரியில் பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. படிக்க அவ்வளவு ஆகாது.

அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் அரசுக் கல்லூரியில் படிக்கிறாள். அவளிடம் கேட்டு வரச் சொன்னேன். அக்கா மறுநாள் தன் கையால் எழுதி வந்தார். ஓர் ஆண்டுச் செலவு இது:

கல்லூரிக் கட்டணம் – 6,000 ரூபாய்
தேர்வுக் கட்டணம் – 3,000 ரூபாய்
புத்தகம், நோட்டு, ஜெராக்ஸ் – 4,000 ரூபாய்
துணி, செருப்பு, பை – 4,000 ரூபாய்
செல்போன் ரீசார்ஜ் – 3,000 ரூபாய்
போக்குவரத்து, டீ, சில்லறைச் செலவு – 10,000 ரூபாய்
மொத்தம் – 30,000 ரூபாய்

மூன்று ஆண்டுக்கு 90,000 ரூபாய். அக்காவின் மகள் கல்லூரி போக இன்னும் ஆறு ஆண்டு இருக்கிறது. அதற்குள் விலைவாசி ஏறும். அதனால் கால் பங்கு கூட்டிக்கொண்டோம். 1,12,500 ரூபாய் வந்தது.

அக்கா பெருமூச்சு விட்டார். "அவ்வளவு பணத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை" என்றார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பணம் முழுவதும் ஒரே நாளில் வேண்டாம். மூன்று ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாக வேண்டும். முதல் மாதத்தில் மட்டும் மொத்தமாக வேண்டும். கட்டணம் 6,000. புத்தகம் 4,000. துணி, பை 4,000. ஆக 14,000 ரூபாய். விலை ஏறினால் 17,500 ரூபாய்.

ஏழைப் பிள்ளைகள் பலர் இந்த முதல் மாதத்தில்தான் நின்றுபோகிறார்கள். நானும் இங்கேதான் நின்றேன். ஆகவே முதல் மாதப் பணம் கையில் தயாராக இருக்க வேண்டும். மற்ற செலவுக்குப் பல வழிகள் உண்டு.

சில செலவு குறையவும் செய்யும். கல்லூரிக்கு ரயிலில் போகிற பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டு இலவசம். ஆண் பிள்ளைகளுக்கு 12ஆம் வகுப்பு வரை இலவசம். பள்ளி, கல்லூரியில் கடிதம் வாங்கி ரயில் நிலையத்தில் கொடுக்க வேண்டும். கர்நாடகத்தில் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் அரசுச் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் மாநிலத்தில் என்ன சலுகை உண்டு? கேட்டு வையுங்கள்.

எங்கே சேமிப்பது?

பானையில் போட்ட பணம் செலவாகிவிடும். பதிவு இல்லாத சீட்டில் போட்ட பணம் ஓடிவிடலாம். சீட்டு நடத்துபவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 1982ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பதிவுச் சான்று காட்டாதவரிடம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். எங்கள் அப்பா 12,000 ரூபாய் கொடுத்துக் கற்ற பாடம் இது.

தபால் நிலையத்தில் ஆர்.டி. கணக்கு உண்டு. மாதம் 100 ரூபாயில் இருந்து கட்டலாம். ஐந்து ஆண்டு, அதாவது 60 மாதம் கட்ட வேண்டும். வட்டி விகிதத்தை அரசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவிக்கும். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் 6.7 சதவீதம் என்று அறிவித்தது. நீங்கள் கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள வட்டி ஐந்து ஆண்டுக்கும் மாறாது.

அக்கா மாதம் 500 ரூபாய் கட்டுவதாக முடிவு செய்தார். 60 மாதத்தில் அவர் கட்டுவது 30,000 ரூபாய். 6.7 சதவீத வட்டியில் கைக்கு வருவது 35,600 ரூபாய்க்கு மேல். முதல் மாதச் செலவு 17,500 ரூபாய் போக, மீதி இன்னும் 18,000 ரூபாய் இருக்கும்.

"ஒரு மாசம் கட்ட முடியலைன்னா?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அடுத்த மாதம் சேர்த்துக் கட்டலாம். 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். நாலு மாதத்துக்கு மேல் விட்டுவிட்டால் கணக்கு நின்றுபோகும். ஆகையால் கட்ட முடிகிற தொகையை மட்டும் எழுதுங்கள். ஆசைக்கு 1,000 எழுதி நிறுத்துவதைவிட, 200 எழுதித் தொடர்ந்து கட்டுவது மேல்.

அக்காவின் சின்ன மகளுக்கு வேறு கணக்கு. அதன் பெயர் சுகன்யா சம்ருத்தி. தமிழ்நாட்டில் செல்வமகள் திட்டம் என்று சொல்வார்கள். 2015ஆம் ஆண்டு ஜனவரியில் அரியானா மாநிலம் பானிபட்டில் இதைத் தொடங்கினார்கள். 10 வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை பெயரில் தொடங்கலாம். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு உண்டு. ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்ட வேண்டும். 15 ஆண்டு கட்டலாம். 21 ஆண்டில் முதிரும். பெண்ணுக்கு 18 வயது ஆனதும், அல்லது பத்தாவது தேறியதும், படிப்புக்காகப் பாதிப் பணத்தை எடுக்கலாம். 2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் இதன் வட்டி 8.2 சதவீதம். இது அவ்வப்போது மாறும்.

சின்னவளுக்கு எட்டு வயது. மாதம் 250 ரூபாய் கட்டினால் பத்து ஆண்டில் 30,000 ரூபாய். அந்த வட்டி நீடித்தால் அது 40,000 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும். பாதியை எடுத்தால் 20,000 ரூபாய்க்கு மேல். அவளுக்கும் முதல் மாதப் பணம் தயார்.

பெரிய மகளுக்கு இந்தக் கணக்குத் தொடங்க முடியாது. அவளுக்கு வயது 12. பத்து வயது தாண்டிவிட்டது. "முன்னாடியே தெரியாமப் போச்சே" என்றார் அக்கா. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் சின்னப் பெண் குழந்தை இருந்தால் இந்த மாதமே போய்க் கேளுங்கள்.

படிப்புக்கு உதவித்தொகை

சேமிப்பு மட்டும் போதாது. உதவித்தொகை கேட்பது பிச்சை அல்ல. அது நம் வரிப் பணம். டாக்டர் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டில் பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில்தான் அமெரிக்கா போய்ப் படித்தார்.

எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு உண்டு. அதை என்.எம்.எம்.எஸ். தேர்வு என்பார்கள். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். பெற்றோர் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஏழாவதில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50 போதும். தேறித் தேர்வானால் 9ஆம் வகுப்பு முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நாலு ஆண்டில் 48,000 ரூபாய். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பிள்ளைகளுக்குத் தருகிறார்கள்.

அக்காவின் மகள் அடுத்த ஆண்டு எட்டாவது. இப்போதே தலைமை ஆசிரியரைப் பார்த்துச் சொல்லி வைத்துவிட்டார்.

பத்தாவதுக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு ஓர் உதவித்தொகை உண்டு. இது 1944ஆம் ஆண்டில் இருந்து நடக்கிறது. 2021ஆம் ஆண்டு விதிப்படி பெற்றோர் வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பழங்குடியினர், பிற்பட்டோர், சிறுபான்மையினருக்குத் தனித் திட்டங்கள் உண்டு. உங்கள் மாநிலத்தில் எது நடக்கிறது என்று பள்ளியில் கேளுங்கள்.

12ஆம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாகத் தருகிறார்கள். பாதி பெண்களுக்கு. குடும்ப வருமானம் 4,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பட்டப்படிப்புக்கு மூன்று ஆண்டும் ஆண்டுக்கு 12,000 ரூபாய்.

டிப்ளமோ, பொறியியல் படிக்கும் பெண்களுக்குப் பிரகதி என்று ஒரு திட்டம். ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8,00,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை வாங்க முடியாது. எது நல்லது என்று ஆசிரியரிடம் கேட்டு எழுதுங்கள். இவற்றில் பலவற்றுக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் எழுத வேண்டும். கடைசித் தேதி ஆண்டுதோறும் மாறும். ஜூன் மாதம் முதலே விசாரித்துக்கொண்டே இருங்கள்.

இன்னொன்றும் மறக்காதீர்கள். உதவித்தொகை பல நேரம் தாமதமாக வரும். கல்லூரி சேர்ந்து பல மாதம் கழித்தும் வரும். அதை நம்பி முதல் மாதம் பணம் கட்ட முடியாது. அதற்குத்தான் சேமிப்பு.

காகிதமும் பணம்தான்

எங்கள் வகுப்பில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் மகன் பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு. "எனக்குப் பத்து மாசம்தான் இருக்கு. இனிமே நான் என்ன சேர்க்கிறது?" என்றார்.

அவர் மகன் பத்தாவது தாண்டியவன். பதினொன்றாம் வகுப்பிலேயே உதவித்தொகைக்கு எழுதியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. ஓர் ஆண்டுப் பணம் போய்விட்டது. இந்த ஆண்டாவது எழுதலாம் என்று காகிதங்களை எடுத்து வரச் சொன்னோம்.

ஆதாரில் பையன் பெயரோடு அப்பா பெயர் முழுதாக இருந்தது. மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னே ஓர் இனிஷியல். வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பின்னே. இங்கிலீஷ் எழுத்தும் ஒவ்வொன்றில் ஒவ்வொரு விதம். நமக்கு எல்லாம் ஒரே பையன். கணினிக்கு மூன்று பையன்! இப்படி இருந்தால் உதவித்தொகை வராமல் நிற்கும்.

நம் தமிழ்க் குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போதே ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள். தவறு இருந்தால் பத்தாவதுக்கு முன்பே திருத்துங்கள். பிறகு திருத்துவது கடினம்.

பையில் இவை இருக்க வேண்டும்:

பிறப்புச் சான்றிதழ்
ஆதார் அட்டை
சாதிச் சான்றிதழ்
வருமானச் சான்றிதழ்
ரேஷன் கார்டு
மதிப்பெண் பட்டியல்
பிள்ளை பெயரில் வங்கிக் கணக்குப் புத்தகம்

வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணை இணைத்திருக்க வேண்டும். வருமானச் சான்றிதழ் காலாவதி ஆகியிருந்தால் புதிதாக வாங்க வேண்டும். மார்ச் மாதமே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மே மாதம் அலுவலகத்தில் கூட்டம் நெரியும்.

வேறு மாநிலத்தில் இருந்து வந்த குடும்பமா? எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கலாம். தாத்தாவின் சுரங்க வேலைச் சீட்டு, பழைய ரேஷன் கார்டு, பழைய பள்ளிச் சான்றிதழ் எதையும் எறியாதீர்கள்.

ஆட்டோ அண்ணன் பெயரைத் திருத்த எழுதிக் கொடுத்துவிட்டார். மாதம் 1,000 ரூபாய் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் போடுகிறார். பத்து மாதத்தில் 10,000 ரூபாய். முதல் மாதத்துக்கு இது பெரிய துணை.

கடன் வாங்கலாமா?

எல்லாம் செய்தும் பணம் குறையலாம். அப்போது எங்கே போவது?

வட்டிக்காரரிடம் 20,000 ரூபாய் வாங்கினால் என்ன ஆகும்? நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 ரூபாய். ஆண்டுக்கு 12,000 ரூபாய். மூன்று ஆண்டில் 36,000 ரூபாய் வட்டி மட்டும். முதல் 20,000 அப்படியே நிற்கும். பிள்ளை படித்து முடிக்கும் முன் வீட்டுப் பாத்திரம் போய்விடும்.

வங்கியில் கல்விக் கடன் உண்டு. 4,00,000 ரூபாய் வரை நிலம், வீடு அடமானம் கேட்பதில்லை. பெற்றோர் கையெழுத்து வேண்டும். படிக்கும்போது தவணை கட்ட வேண்டாம். படிப்பு முடிந்து ஓர் ஆண்டு கழித்துத் தவணை தொடங்கும். ஆண்டுக்கு பத்து சதவீத வட்டி என்று வைத்தால், 20,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 2,000 ரூபாய்தான். 12,000 எங்கே? 2,000 எங்கே?

தொழிற்படிப்பு, தொழில்நுட்பப் படிப்புக்கு இன்னொரு சலுகை. 2009ஆம் ஆண்டில் தொடங்கியது. குடும்ப வருமானம் 4,50,000 ரூபாய்க்குள் இருந்தால், படிக்கும் காலத்து வட்டியை அரசே கட்டும். கல்லூரி அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். சேரும் முன் இதைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஆனால் கடன் கடன்தான். திருப்பிக் கட்ட வேண்டும். சேமிப்பு முதலில். உதவித்தொகை அடுத்தது. கடைசியில்தான் கடன்.

எங்கள் வீட்டில்

2019ஆம் ஆண்டு நான் அழுதுகொண்டிருந்தபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் தபால் நிலையம் போனார். ஆர்.டி. கணக்குத் தொடங்கினார். மாதம் 300 ரூபாய். கொரோனா வந்த 2020ஆம் ஆண்டில் வேலையே இல்லை. இரண்டு மாதம் கட்ட முடியவில்லை. பிறகு அபராதத்தோடு சேர்த்துக் கட்டினார். 2024ஆம் ஆண்டு கணக்கு முடிந்தது. 21,000 ரூபாய்க்கு மேல் கிடைத்தது. அதை அப்படியே வைத்திருந்தோம்.

2025ஆம் ஆண்டு என் தங்கை கல்லூரியில் சேர்ந்தாள். வருமானச் சான்றிதழை முன்பே வாங்கி வைத்திருந்தோம். பணம் கட்டச் சொன்ன இரண்டாம் நாளே கட்டிவிட்டோம். அப்பா ரசீதை மூன்று முறை படித்துப் பார்த்தார்.

இதை வகுப்பில் சொன்னபோது தையல் அக்கா கேட்டார்: "சரி கண்ணு. உனக்கு?"

நானும் ஒரு கணக்குத் தொடங்கியிருக்கிறேன். மாதம் 200 ரூபாய். தபால் வழியில் பி.காம். படிக்க. படிப்புக்கு வயது இல்லை. அது உங்களுக்கே தெரியும்.

பேசுவோம், எழுதுவோம்

1. உங்கள் பிள்ளை கல்லூரி போக எத்தனை ஆண்டு இருக்கிறது? அதை 12ஆல் பெருக்குங்கள். எத்தனை மாதம்?

2. மாதம் எவ்வளவு கட்ட முடியும்? அதை மாதக் கணக்கால் பெருக்கி எழுதுங்கள்.

3. பிள்ளையின் ஆதார், பள்ளிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஒன்றாக இருக்கிறதா?

4. உங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர்? என்.எம்.எம்.எஸ். தேர்வு பற்றி அவர்கள் வீட்டில் சொல்லுங்கள்.

5. சின்னக் குழந்தை உள்ள ஒரு வீட்டுக்கு இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள்.